உப்போடை ஆராய்ச்சி நிலையத்து வராந்தா

உப்போடை விஷமுறிவு ஆராய்ச்சி நிலையத்தின் வராந்தா முதல் தடவையாக நீண்டது, ஜெபமலர் அங்கே வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம், ஆடிக்காற்று கரிசல் மண்ணை வாரி ஜன்னல்களில் அறைந்துகொண்டிருந்த ஒரு திங்கட்கிழமை காலையில். வெள்ளிக்கிழமை வரைக்கும் அலுவலகக் கதவிலிருந்து ஆய்வுக்கூடத்துக் கதவுவரை அறுபத்திரண்டு எட்டு இருந்த வராந்தா அன்றைக்கு அறுபத்தைந்து எட்டாக இருந்தது, அதைக் கவனித்தவள் அவள் ஒருத்திதான், கவனித்தும்கூட, புதுச் செருப்பில் எட்டு சின்னதாகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

வேலை அப்படிப்பட்டது. அந்த வட்டாரத்துக் கடலைக்காடுகளில் சுருட்டை விரியன் கடித்து வருடத்துக்கு முப்பது பேராவது செத்துக்கொண்டிருந்தார்கள், ஆஸ்பத்திரிக்குப் போகாமல் செத்தவர்கள் அல்ல, போய், மருந்து ஏற்றிக்கொண்டு, ஏற்ற ஏற்ற ஈறிலும் மூக்கிலும் ரத்தம் கசிந்து செத்தவர்கள். காரணம், அந்த மருந்து வேறெங்கோ பிடித்த பாம்பின் விஷத்திலிருந்து செய்தது, இந்த மண்ணின் பாம்புக்கு அது பாதிதான் கேட்டது. பாம்பு பிடிக்கத் தெரிந்த குருவம்மா என்பவளின் புருஷன் பதினெட்டு பாட்டில் ஏற்றியும் பிழைக்கவில்லை. அவனை அடக்கம் பண்ணிய மூன்றாம் நாள் குருவம்மா ஒரு சுருட்டையை உயிரோடு பிடித்துப் பானையில் போட்டு, வாயைத் துணியால் கட்டி, ஆராய்ச்சி நிலையத்தின் வாசலில் கொண்டுவந்து வைத்து, "இதுக்கு மருந்து கண்டுபிடிக்கத்தான இங்க கட்டடம் கட்டியிருக்கீக, கண்டுபிடிங்க" என்று சொன்னாள். வாசலில் அப்போது நின்றவள் ஜெபமலர். அன்றிலிருந்து குருவம்மா பாம்பு கொண்டுவந்தாள், ஜெபமலர் விஷத்தை எடுத்து, கோழிக்கு நோகாத அளவில் கொஞ்சம் கொஞ்சமாக ஊசி போட்டாள், கோழிகள் அந்த விஷத்தை வெல்லக் கற்றுக்கொண்டு, கற்றுக்கொண்டதைத் தாங்கள் இடும் முட்டையின் மஞ்சள் கருவில் வைத்தன, அந்த மஞ்சள் கருவிலிருந்து மருந்தைப் பிரித்துப் பொடியாக்குவதுதான் அவள் வேலை.

விஷம் ஏற்றி அந்த மருந்தைப் போட்ட எலிகள் பிழைத்தன. பத்துக்கு ஒன்பது எலிகள் பிழைத்த வாரத்தில் வராந்தா நூற்றுப்பத்து எட்டாக இருந்தது.

அதற்குப் பிறகு எல்லாருக்கும் தெரிந்துவிட்டது, ஆனால் யாரும் பதறவில்லை. பொதுப்பணித்துறையிலிருந்து ஒரு இன்ஜினியர் டேப் கொண்டுவந்து கட்டடத்தை வெளியே அளந்தார், நாற்பத்தைந்து மீட்டர் இருந்தது, உள்ளே அளந்தார், எண்பத்தெட்டு மீட்டர் இருந்தது, இரண்டையும் எழுதி, 'இரு அளவுகளும் சரியே' என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, கொடுத்த வடையைத் தின்றுவிட்டுப் போனார். வராந்தா ஒரு கிலோமீட்டரைத் தாண்டியபோது பாதியில் ஒரு டீக்கடை வந்தது. நான்கு கிலோமீட்டரைத் தாண்டியபோது ஒரு பிள்ளையார் வந்தார், அவருக்கு உண்டியல் வந்தது, உண்டியலுக்குப் பூட்டு வந்தது. உப்போடை ஊரின் சர்க்கரை வியாதிக்காரர்கள் எல்லாம், வெயிலும் இல்லை நாயும் இல்லை என்று, காலையில் அங்கே நடக்க வந்தார்கள், வந்தவர்களுக்கு அனுமதிச் சீட்டு அச்சடித்தார்கள். கணக்குப் பிரிவு ராஜலெட்சுமியும் ஸ்டோர் பழனிவேலும் பன்னிரண்டாம் கிலோமீட்டரில் ஒருவரையொருவர் பார்த்து, இருபதாம் கிலோமீட்டரில் நிச்சயம் பண்ணி, பிள்ளையார் முன்னால் கல்யாணம் செய்துகொண்டார்கள். பதவி உயர்வு கிடைத்தவர்களை முப்பதாம் கிலோமீட்டர் விஞ்ஞானி, நாற்பதாம் கிலோமீட்டர் விஞ்ஞானி என்று அழைக்கத் தொடங்கினார்கள், அதில் அவர்களுக்குப் பெருமையும் இருந்தது. வராந்தாவியல் என்று ஒரு துறையே திறந்து, வருடத்துக்கு இரண்டு கருத்தரங்கு நடத்தி, வராந்தாவைப் பற்றி நானூறு கட்டுரை வெளியிட்டார்கள். நானூறில் ஒன்றுகூட அது ஏன் நீள்கிறது என்று கேட்கவில்லை.

ஜெபமலர் கேட்டாள். அவள் ஒரு நோட்டில் தினமும் தூரத்தைக் குறித்துவந்தாள், பக்கத்திலேயே அன்றைக்கு நிலையத்தில் என்ன நடந்தது என்பதையும் குறித்துவந்தாள். கண்ணாடிக் குழாய் ஒன்று வாங்குவதானாலும் மூன்று கடையில் விலைப்புள்ளி வாங்க வேண்டும் என்ற சுற்றறிக்கை வந்த அன்று வராந்தா எண்பது எட்டு கூடியிருந்தது. வருடத்துக்கு எத்தனை கட்டுரை என்று எண்ணித்தான் பதவி உயர்வு என்று வந்த அன்று ஒன்றரைக் கிலோமீட்டர். வராந்தாவில் சைக்கிள் ஓட்ட அனுமதி கேட்டு அவளே எழுதிய மனு ஐந்து மேசைக்கு அனுப்பப்பட்ட அன்று எட்டு கிலோமீட்டர். ஒரு சோதனைக்குப் பணம் கேட்கிறவர்கள் அந்தச் சோதனையின் முடிவு என்னவாக இருக்கும் என்பதை முன்கூட்டியே உறுதியாக எழுதித் தர வேண்டும், தவறினால் விளக்கம் கேட்கப்படும் என்று உத்தரவு வந்த அன்று, ஒரே நாளில், முப்பத்தோரு கிலோமீட்டர்.

நோட்டை எடுத்துக்கொண்டு அவள் இயக்குநர் நடேசகணபதியிடம் போனாள். அவர் மோசமான மனிதர் இல்லை, அதுதான் அவளுக்குப் பின்னாளில் அதிகக் கோபத்தைத் தந்தது; வாலிபத்தில் கட்டுவிரியன் விஷத்தில் நல்ல வேலை செய்தவர், இப்போது கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொள்கிறவர். நோட்டை முழுதும் படித்தார்.

"ஜெபமலர், உலகம் பூரா இப்படித்தான்மா இருக்கு. எளிசா இருந்ததையெல்லாம் நமக்கு முன்னாடி இருந்தவங்க கண்டுபிடிச்சு முடிச்சிட்டாங்க. மிச்சம் இருக்கிறது தூரத்துலதான் இருக்கும். புதுசா ஒண்ணு சொல்லணும்னா பழசு அத்தனையும் படிக்கணும், படிக்கவே பாதி ஆயுசு போயிடுது. நடந்துதான் ஆகணும்."

"நாம படிச்சுக்கிட்டு நடக்கலயே சார். கையெழுத்து வாங்கிக்கிட்டுல்ல நடக்கிறோம்."

"பொதுப்பணம். யாராவது கேட்டா பதில் சொல்லணும்ல?"

"முப்பது பேர் சாகறாங்க சார் வருஷத்துக்கு. அதுக்கு யாரும் கேட்க மாட்டாங்களா?"

"அதுக்கு நம்மகிட்ட யாரும் விளக்கம் கேட்டதில்லையே," என்றார் அவர். கேலியாகச் சொல்லவில்லை. யோசித்துப் பார்த்து, உள்ளதைச் சொன்னார்.

மேற்குச் சுவரில், ஆய்வுக்கூடத்துக்கு நேராக, வெளியிலிருந்து ஒரு கதவு வைத்துக்கொடுங்கள் என்று அவள் எழுதிக் கேட்டாள். அந்தக் கோப்பு பாதுகாப்புப் பிரிவுக்குப் போனது, அங்கிருந்து கட்டடப் பிரிவுக்குப் போனது, அதன்பின் அது எங்கே போனது என்று சொல்ல ஆள் இல்லை. அவள் காத்திருந்தாள். ஆறாம் வருடம், வராந்தா நூறு கிலோமீட்டர் இருந்தபோது, கட்டுச்சோறும் போர்வையும் எடுத்துக்கொண்டு நாலு நாள் நடந்து ஆய்வுக்கூடத்துக்குப் போனாள், இருபது நாள் அங்கேயே கிடந்து நாற்பது குப்பி மருந்துப்பொடி செய்து குளிர்பெட்டியில் வைத்தாள், மனிதர்களிடம் சோதித்துப் பார்க்க அனுமதி வந்ததும் எடுத்துக்கொள்ளலாம் என்று திரும்பி நடந்தாள். திரும்பி வர ஆறு நாள் ஆயிற்று. அனுமதி வரவில்லை. நாற்பது குப்பிகளும் அங்கே இருந்தன, அவள் இங்கே இருந்தாள், நடுவில் வராந்தா தன் பாட்டுக்கு நீண்டுகொண்டே போனது.

பிறகு அவளும் மற்றவர்களைப் போலவே ஆனாள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பழைய எலிகளின் பழைய கணக்கை ஒரு தடவை இப்படிப் பிரித்தும் ஒரு தடவை அப்படிப் பிரித்தும் ஆறு வருடத்தில் பத்தொன்பது கட்டுரை எழுதினாள். மகளைப் பள்ளியில் சேர்த்தாள், வீட்டுக்கு மாடி எடுத்தாள், எண்பதாம் கிலோமீட்டர் விஞ்ஞானி என்று அவள் பெயர்ப்பலகையில் எழுதினார்கள். குருவம்மா மட்டும் மாதம் ஒரு பானையோடு வந்து, "என்ன தாயி, மருந்து எம்புட்டுத் தூரத்துல இருக்கு?" என்று கேட்பாள், ஜெபமலர் அன்றைய கிலோமீட்டரைச் சொல்லுவாள், குருவம்மா வெற்றிலையைத் துப்பிவிட்டு, "நேத்து வேலாங்குளத்துல ஒருத்தி போயிட்டா. இருபத்தாறு வயசு" என்பாள். அதைக் கேட்டுக் கேட்டு ஜெபமலருக்குள் ஏதோ ஒன்று கெட்டியாகிக்கொண்டே வந்தது, அவள் அதை முதலில் அலுப்பு என்று நினைத்தாள், இரத்த அழுத்தம் என்று நினைத்து மாத்திரைகூடப் போட்டாள்.

பன்னிரண்டாம் வருடம், மாசியில், ஒரு புதன்கிழமை பகல் பதினோரு மணிக்கு, ஜெபமலருக்காகப் பிடித்த பாம்பைப் பானைக்குள் விடும்போது, அது குருவம்மாவின் வலது கையில் கடித்துவிட்டது.

ஒரு மணிக்கு டாக்டர் முகைதீன் ஆஸ்பத்திரியிலிருந்து போன் பண்ணினார். "மேடம், இருபது பாட்டில் போட்டாச்சு. ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில எடுத்து இருபது நிமிஷம் வச்சுப் பார்த்தேன், சாய்ச்சா தண்ணி மாதிரி ஓடுது. உறையவே இல்ல. ஈறுல கசிய ஆரம்பிச்சிருச்சு. உங்க முட்டை மருந்து ஒண்ணு இருக்குன்னு அவங்க சொல்றாங்க."

"மனுஷங்களுக்குப் போட்டுப் பார்த்ததில்ல டாக்டர்."

"தெரியும். அவங்களுக்கும் சொல்லிட்டேன், அவங்க மகன்கிட்டயும் சொல்லிட்டேன். வேற ஒண்ணும் இல்ல எங்கிட்ட. பொறுப்பை நான் எழுதிக்கிறேன். மருந்து எங்க இருக்கு?"

மருந்து முந்நூற்றுப் பத்துக் கிலோமீட்டரில் இருந்தது.

ஜெபமலர் இயக்குநர் அறைக்குப் போய், மேற்குச் சுவரை உடைக்க வேண்டும், இப்போதே உடைக்க வேண்டும் என்றாள். நடேசகணபதி எழுந்து நின்றுவிட்டார். "எழுதிக் குடுங்கம்மா, அவசரம்னு மேல சிவப்பு மையில எழுதிக் குடுங்க, இன்னைக்கே அனுப்பறேன், நானே கையில கொண்டு போறேன்" என்றார். அவர் மனசாரத்தான் சொன்னார். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அறைக்கு வெளியே, வராந்தா டைல்ஸ்கள் மெல்ல ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நகர்கிற சத்தம் அவளுக்குக் கேட்டது.

அவள் வாசல் வழியாக வெளியே இறங்கினாள், வேலிக்கருவேல முள் சேலையைக் கிழிக்கக் கிழிக்கக் கட்டடத்தைச் சுற்றி மேற்கே போனாள். முழுதாக மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. சுவர் இருந்தது. சாதாரணச் செங்கல் சுவர், காவி அடித்து, பாதி உரிந்தது. வெளிக் கம்பத்திலிருந்து மின்சாரக் கம்பி நேராக ஆய்வுக்கூடத்துக்குள் போயிருந்தது, உள்ளே குளிர்பெட்டி முனகுகிற ஓசை சுவர் வழியாகவே கேட்டது. பன்னிரண்டு வருடமாக மின்சாரம் இந்த வழியாகப் போய்க்கொண்டிருக்கிறது, ஒரு கையெழுத்தும் இல்லாமல். அதைப் பார்த்ததும் அவளுக்குள் கெட்டியாகிக் கிடந்தது என்னவென்று தெரிந்தது. அது அலுப்பு இல்லை. அவள் வாய்விட்டுக் கத்தினாள், நடேசகணபதியைத் திட்டினாள், சுற்றறிக்கைகளைத் திட்டினாள், எல்லாரையும்விட அதிகமாக, கதவு வேண்டும் என்று எழுதிக்கொடுத்துவிட்டு ஆறு வருடம் பதிலுக்குக் காத்திருந்த ஜெபமலரைத் திட்டினாள், திட்டிக்கொண்டே, குழாய்ப் பள்ளம் தோண்டியவர்கள் போட்டுவிட்டுப் போயிருந்த கடப்பாரையை எடுத்துச் சுவரில் ஓங்கிக் குத்தினாள்.

சத்தம் கேட்டுச் செக்யூரிட்டி அய்யாத்துரை ஓடிவந்தார். பார்த்தார். வந்த வழியே திரும்பி ஓடிப்போய் வருகைப் பதிவேட்டைக் கொண்டுவந்தார்.

"மேடம், உள்ள போற நேரத்தை மட்டும் எழுதிட்டுப் போயிருங்க. எனக்கு வேல போயிரும்."

அவள் கடப்பாரையைக் கீழே போட்டு, ஒன்று நாற்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அவர் பதிவேட்டை ஒரு கல்லின் மேல் பத்திரமாக வைத்துவிட்டு, கடப்பாரையை எடுத்து, "நீங்க தள்ளி நில்லுங்க" என்று அவரே நாலு குத்து விட்டார். செங்கல் சரிந்தது.

சரிந்த ஓட்டை வழியாக உள்ளே முழங்கால் உயரத்துக்கு வெளிச்சம் விழுந்தது, அந்த வெளிச்சத்தில் தூசி எழுந்தது. மேசைகள் மேல், எலிக்கூண்டுகள் மேல், மைக்ராஸ்கோப்பின் உறை மேல், விரல் ஆழத்துக்குத் தூசி. கதவுப் பக்கம் ஆய்வுக்கூடத்தின் சொந்தப் பதிவேடு திறந்தபடி கிடந்தது, கடைசியாக எழுதியிருந்த பெயர் அவளுடையது, ஆறு வருடத்துக்கு முந்தைய தேதி. அவளுக்குப் பிறகு ஒரு ஆள் அந்த அறைக்குள் கால் வைக்கவில்லை. அந்த ஆறு வருடத்தில் இந்த ஆய்வுக்கூடத்தில் செய்த சோதனைகள் என்று முந்நூற்றுப் பன்னிரண்டு கட்டுரைகள் வெளியாகியிருந்தன, ஆறு ஆண்டறிக்கைகள் வழவழத் தாளில் அச்சாகியிருந்தன, மூன்றுக்கு விருது கிடைத்திருந்தது.

குளிர்பெட்டியில் நாற்பது குப்பிகளும் வைத்தது வைத்தபடி இருந்தன. எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு அய்யாத்துரையின் மொபெட்டில் அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

முகைதீன் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், கரைத்து ஏற்றினார். கட்டிலில் குருவம்மாவின் கை முழங்கைவரை கறுத்து வீங்கியிருந்தது, பல்லெல்லாம் ரத்தம். "ஏன் தாயி, இம்புட்டுச் சீக்கிரமா வந்துட்ட? முந்நூறு கிலோமீட்டரு சொன்ன?" என்றாள். ஜெபமலர் குனிந்து அடுத்த குப்பியின் மூடியைத் திறந்தாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை முகைதீன் ரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் நிறுத்தி வைத்தார். முதல் தடவை ஓடியது. இரண்டாம் தடவை ஓடியது. மூன்றாம் தடவை, ஏழு குப்பி உள்ளே போயிருந்தபோது, அவர் குழாயைச் சாய்த்தார், ரத்தம் அடியில் உறைந்து அசையாமல் நின்றது. அவர் அதைத் தலைகீழாகவே கவிழ்த்துக் காட்டினார். குருவம்மாவின் மகன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

இரண்டு விரலை எடுக்கவேண்டி வந்தது. அவள் பிழைத்தாள்.

விசாரணை சித்திரையில் நடந்தது. சென்னையிலிருந்து வந்த மூன்று பேர் ஒரு நீள மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, அரசாங்கச் சுவரை ஏன் உடைத்தீர்கள் என்று கேட்டார்கள். நடுவில் இருந்தவர், "ஒருத்தர் பிழைத்ததை வைத்து மருந்து வேலை செய்கிறது என்று சொல்ல முடியாது, அது உங்களுக்கே தெரியும்" என்றார்.

"தெரியும் சார். சொல்லவும் மாட்டேன். முன்னாடி ஏத்தின இருபது பாட்டில் நேரங்கழிச்சு வேலை செஞ்சிருக்கலாம். அதனாலதான் நூறு பேர்கிட்ட முறையா சோதிச்சுப் பார்க்கணும்னு ஆறு வருஷமா கேட்கறேன்."

"அதற்கு நடைமுறை இருக்கிறது."

"இருக்கு சார். அது எவ்வளவு கிலோமீட்டர்னு எங்கிட்ட எழுதி இருக்கு." அவள் நோட்டை மேசைமேல் வைத்தாள், பக்கத்தில் ஆய்வுக்கூடப் பதிவேட்டையும் வைத்தாள். "இந்தப் பதிவேட்டுல கடைசிப் பேரு என்னோடது. எனக்கு அப்புறம் உள்ள போனவங்க யாருன்னு கேளுங்க. அந்த முந்நூற்றுப் பன்னிரண்டு கட்டுரையும் எங்க உக்காந்து எழுதினதுன்னு கேளுங்க. அதுல பத்தொன்பது என்னோடது. என்னைத்தான் முதல்ல கேளுங்க, நான் சொல்றேன்."

அவர்கள் பதிவேட்டைத் திறக்கவில்லை. விசாரணையின் வரம்பு சுவர் மட்டும்தான் என்றார்கள். நடேசகணபதி மேசையின் ஓரத்தில் தலை குனிந்து உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்து முடித்த பிறகும் அதைப் போட்டுக்கொள்ளவில்லை.

அவளை வேலையிலிருந்து நீக்கினார்கள். மிஞ்சிய முப்பத்து மூன்று குப்பிகளும் வழக்குச் சொத்து என்று கருவூலத்தில் முத்திரை வைத்துப் பூட்டப்பட்டன. சுவரைத் திரும்பக் கட்டினார்கள், முன்னைவிட இரண்டு மடங்கு கனமாக, அதற்கு மட்டும் ஒன்பதே நாள் ஆயிற்று. வராந்தா இப்போது தொள்ளாயிரம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது என்றும், உள்ளே ரயில் விட ஆய்வு நடக்கிறது என்றும், பிள்ளையாருக்குக் கும்பாபிஷேகம் என்றும் அய்யாத்துரை வந்து சொல்லுவார். அவள் மேற்கொண்டு கேட்டுக்கொள்ள மாட்டாள்.

அவள் காதுகொடுத்துக் கேட்க வேறு ஆட்கள் இருந்தார்கள். உப்போடைக்குத் தெற்கே மூடிக் கிடந்த ஒரு தீப்பெட்டி ஆலையின் கொட்டகையை முகைதீன் தன் மாமனாரிடம் பேசி வாங்கிக்கொடுத்தார். குருவம்மா ஊர் ஊராகப் போய் அறுபது கோழி திரட்டினாள், எட்டு விரலோடு பாம்பும் பிடித்தாள், இடது கையால் பிடிக்கப் பழகிக்கொண்டாள். மருந்து கேட்ட குடும்பங்கள் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தன. வேறு மாநிலத்துக் கல்லூரி ஒன்று, முறைப்படி பதிவு செய்தால் சோதனையைத் தாங்கள் மேற்பார்வை பார்ப்பதாகக் கடிதம் எழுதியது, அந்தக் கடிதத்தை ஜெபமலர் இரண்டு தடவை படித்து, சம்மதம் எழுதிப் போட்டுவிட்டு, அதற்குப் பதில் வரும்வரை உட்கார்ந்திருக்காமல் அன்றைக்கே கோழிகளுக்கு முதல் ஊசியைப் போட்டாள். அந்தக் கோடையில் சுருட்டை கடித்து ஐந்து பேர் செத்தார்கள். ஐந்து பேர் பெயரையும் கொட்டகைக் கதவில் சாக்கட்டியால் எழுதினாள், கீழே இடம் விட்டாள்.

முதல் தொகுதி மருந்து ஆவணியில் தயாரானது. வியாழக்கிழமை காலை எலிகளுக்குப் போட்டார்கள். மத்தியானத்துக்குள் பத்தில் எட்டு எலிகள் செத்துப்போயின.

குருவம்மா கூண்டைக் குனிந்து பார்த்தாள். "கெட்டுப்போச்சா தாயி?"

"கெட்டுப்போச்சுக்கா."

"அம்புட்டும் வீணா?"

ஜெபமலர் செத்த எலி ஒன்றை வாலைப் பிடித்துத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள், மூக்கைப் பார்த்தாள், வயிற்றை அழுத்திப் பார்த்தாள். பிரித்தெடுக்கும்போது சூடு அதிகம் போயிருக்கிறது, கொட்டகையின் தகரக்கூரைச் சூடு, அதை அவள் கணக்கில் எடுக்கவில்லை. ஆறு வருடத்தில் அவள் எழுதிய பத்தொன்பது கட்டுரையில் ஒன்றுகூடத் தவறியதில்லை, தவறுவதற்கு அவற்றில் ஒன்றும் இருக்கவில்லை. இப்போதும் அவளுக்குக் கோபம் அப்படியேதான் இருந்தது, அதன் நடுவில் பசி மாதிரி ஒன்றும் இருந்தது.

"ஏன் கெட்டுச்சுன்னு தெரியும்," என்றாள். "கூரைமேல ஓலை போடணும். நாளைக்கே போடணும். எத்தனை பாம்பு இருக்கு உங்ககிட்ட?"

"மூணு."

"பத்தாது."

குருவம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பானையை இடுப்பில் எடுத்து வைத்துக்கொண்டு, வெயிலில் இறங்கிக் கடலைக்காட்டைப் பார்த்து நடந்தாள்.